பின்னல் அறுபடும் நாள்: ஜெடாய் குருவும் சீடனும்

நபூ கிரகத்துக் காட்டுக்குள் ஒரு சின்னக் காட்சி. சண்டை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. 25 வயதுச் சீடன் ஒருவன் தன் குருவின் பக்கத்தில் போய் நின்று மன்னிப்புக் கேட்கிறான். அந்தப் பையன் விஷயத்தில் உங்களை எதிர்த்துப் பேச எனக்கு இடமில்லை, நான் நடந்துகொண்டது தப்பு என்கிறான். குரு அதைப் பெரிதுபடுத்தவில்லை. நல்ல சீடனாக இருந்தாய், என்னைவிட விவேகியாக இருக்கிறாய் என்று தட்டிக்கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்.

1999இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் சீடன் ஓபி-வான் கெனோபிக்கும் குரு குவை-கான் ஜின்னுக்கும் நடக்கும் பேச்சு இது. ஒரு நிமிடம்கூட ஓடாது. வேடிக்கை என்னவென்றால், விஷயத்தில் சீடன் சொன்னதுதான் சரி. அந்தப் பையன் ஆபத்தானவன் என்று ஓபி-வான் எச்சரித்தான். அனகின் என்ற அந்தப் பையன்தான் வளர்ந்து டார்த் வேடர் என்ற பெரிய வில்லன் ஆனான். அப்படியிருந்தும் மன்னிப்புக் கேட்டது ஓபி-வான். சரியாகச் சொன்னானா என்பதைவிட, எங்கே வைத்து, எந்தக் குரலில் சொன்னான் என்பதைத்தான் அவன் வளர்ந்த மரபு முதலில் பார்க்கும்.

ஒளிவாள் ஏந்திய துறவி வீரர்களான ஜெடாய்களின் நடத்தை விதிகள் வரிசை எண் போட்டு ஒரே புத்தகத்தில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. படத்தில் ஒரு வசனம், அனிமேஷன் தொடரில் ஒரு காட்சி, ரோல்பிளேயிங் விளையாட்டுக் கையேட்டில் ஒரு பட்டியல் என்று சிதறிக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு 2014இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் பழைய நாவல்களையும் காமிக்ஸ்களையும் 'லெஜண்ட்ஸ்' என்று பெயரிட்டுத் தனியே ஒதுக்கியது. எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்ற சண்டை ரசிகர்களிடையே அன்றிலிருந்து ஓயவில்லை. நான் பெரும்பாலும் படங்களையும் தொடர்களையும் வைத்தே பேசுகிறேன். கையேட்டிலிருந்து எடுத்தால் சொல்லிவிடுகிறேன்.

படிநிலை எளிமையானது. ஃபோர்ஸ் எனும் ஆற்றலை உணரக்கூடிய குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கண்டெடுத்து, கொருசாண்ட் கிரகத்தில் இருக்கும் கோயிலில் வளர்ப்பார்கள். அங்கே எல்லோருக்கும் பொதுப் பாடம். கொஞ்சம் வளர்ந்ததும் இலம் என்ற பனிக்கிரகத்துக்குக் கூட்டிப்போய், தங்கள் ஒளிவாளுக்கான படிகத்தைத் தாங்களே தேடி எடுத்துவரச் சொல்வார்கள். குகை வாசல் உறைந்து மூடுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். அப்புறம்தான் ஒரு குருவின் கையில் ஒப்படைக்கப்படுவார்கள். அந்த நிலைக்குப் பெயர் படவான். அதற்கு மேல் நைட், அதற்கும் மேல் மாஸ்டர். உச்சியில் 12 பேர் அமர்ந்த கவுன்சில்.

படவானைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். முடியை ஒட்ட வெட்டி, வலக்காதின் பின்னாலிருந்து ஒரே ஒரு மெல்லிய பின்னலைத் தொங்கவிட்டிருப்பான். தலையில் முடியே வளராத இனத்தவர் என்றால் பின்னலுக்குப் பதில் மணிச்சரம். சோதனைகளில் தேறி நைட் ஆகும் நாளில் அந்தப் பின்னலை ஒளிவாளாலேயே அறுப்பார்கள். காதோரம் எரியும் வாள் வந்து போகும் அந்த நொடியில் அசையாமல் இருப்பதே ஒரு பரீட்சை போலத்தான்.

இனி விதிகள். முதலாவதும் மிகக் கறாரானதும், ஒரு குருவுக்கு ஒரு நேரத்தில் ஒரே சீடன் என்பது. குவை-கான் சிறுவன் அனகினைக் கவுன்சில் முன் நிறுத்தி நானே இவனைப் பயிற்றுவிக்கிறேன் என்றதும், உனக்குத்தான் ஏற்கெனவே ஒரு சீடன் இருக்கிறானே என்று கவுன்சிலின் மூத்தவரான யோடா மடக்குகிறார். சட்டம் அனுமதிக்காது என்கிறார் இன்னொரு உறுப்பினரான மேஸ் விண்டு. உடனே குவை-கான், ஓபி-வான் சோதனைகளுக்குத் தயாராகிவிட்டான் என்று அறிவிக்கிறார். இந்த இடத்தில் ஓபி-வானின் முகத்தைக் கவனியுங்கள். இத்தனை வருடம் கூடவே இருந்த சீடனைப் புதுப்பையனுக்காக எல்லோர் முன்னாலும் கழற்றிவிடுகிறார் குரு. அவனோ ஒரு நொடி திகைத்துவிட்டு, முன்னால் வந்து, ஆமாம், நான் தயார் என்கிறான். குருவை விட்டுக்கொடுக்கவில்லை. மனக்குறையைப் பிறகு வெளியே வந்துதான் கொட்டுகிறான். அதற்குத்தான் அந்தக் காட்டில் மன்னிப்பும் கேட்கிறான்.

படவானுக்கான ஒழுங்குகளில் பாதி வாய் பற்றியவை. மூன்றாம் மனிதர் முன்னிலையில் குருவை மறுத்துப் பேசக் கூடாது. தன்னை நோக்கிக் கேட்டாலொழியச் சபையில் பேசக் கூடாது. கருத்து வேறுபாடு இருந்தால் தனியே சொல்லலாம், சொன்ன பிறகு குருவின் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். எங்கே போனாலும் குருவின் அருகே, அகலாமலும் அணுகாமலும் தீக்காய்வார் போல. ஒளிவாளைத் தொலைக்கவே கூடாது. குவை-கான் இறந்த பிறகு ஓபி-வானின் சீடனான அனகின் அதைத் தவறவிட்டபோதெல்லாம், இந்த ஆயுதம்தான் உன் உயிர் என்று ஓபி-வான் பாட்டுப் பாடுவது 2002 படத்தில் வருகிறது.

ஆங்கிலப் படத்தில் தமிழ்க் காதுக்கு ஒன்று உறுத்தும். அவர்களுக்கு நீ, நீங்கள் என்ற பிரிவு கிடையாது. இருவரும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால்தான் விளிக்கிறார்கள். அதனால் மரியாதையின் பாரம் முழுவதும் 'மாஸ்டர்' என்ற ஒற்றைச் சொல்லின் தலையில் விழுகிறது. 2005 படத்தின் கடைசியில் எரிமலை நடுவே ஓபி-வானைக் கொல்லவே வாளை ஓங்குகிற அனகின், அங்கேயும் 'என் மாஸ்டர்' என்றுதான் அழைக்கிறான். பகை வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை.

சரி, குருவுக்கு? விளையாட்டுக் கையேடுகள் இதில் தாராளமாகவே எழுதியிருக்கின்றன. குருவைச் சீடன் மதிப்பது போலச் சீடனையும் குரு மதிக்க வேண்டும். பிறர் முன்னால் கண்டிக்கக் கூடாது. மாற்றுக் கருத்து சொன்னதற்காகத் தண்டிக்கக் கூடாது. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2002 படத்தின் தொடக்கத்திலேயே, செனட்டர் பேட்மேயின் வீட்டுக் கூடத்தில் இந்த விதி பொடிப்பொடியாகிறது. உங்களைக் கொல்லப் பார்ப்பவன் யார் என்று கண்டுபிடிப்போம் என அனகின் வாக்குக் கொடுக்கிறான். நமக்கு இட்ட வேலை காவல் மட்டும்தான், அதைத் தாண்டக் கூடாது என்று அங்கேயே வெட்டுகிறார் ஓபி-வான். அனகின் மீண்டும் வாதிட, உன் இடத்தைத் தெரிந்துகொள் என்கிறார். பத்து வருடமாக மனதில் வைத்திருந்த பெண்ணின் எதிரில். மூன்றாம் மனிதர் முன் எதிர்த்துப் பேசியது சீடனின் குற்றம், மூன்றாம் மனிதர் முன் அவமானப்படுத்தியது குருவின் குற்றம். இரண்டும் ஒரே நிமிடத்தில் நடக்கின்றன. கணக்கில் வைக்கப்பட்டது சீடனுடையது மட்டும்தான்.

என் வாதமும் இங்கேதான் தொடங்குகிறது. சீடன் தவறினால் பார்க்கக் குரு இருக்கிறார், குருவுக்கு மேல் கவுன்சில் இருக்கிறது. குரு தவறினால் சீடன் யாரிடம் போய்ச் சொல்வது? அதற்கான வாசலை இந்த அமைப்பில் நான் எங்கும் பார்க்கவில்லை.

வாசல் இல்லாததன் விலை என்ன என்பதை இரண்டு கனவுகளை வைத்தே சொல்லிவிடலாம். முதல் கனவு அனகினின் அம்மாவைப் பற்றியது. தூக்கம் வருவதில்லை, அம்மா கனவில் வந்துகொண்டே இருக்கிறாள் என்று அவன் ஓபி-வானிடம் வாய்விட்டே சொல்கிறான். கனவுகள் காலப்போக்கில் போய்விடும் என்பது குருவின் பதில். மோசமான பதில் என்று சொல்ல முடியாது, வீட்டில் பெரியவர்கள் சொல்வதுதான். ஆனால் அம்மா நிஜமாகவே சாகிறாள். இட்ட வேலையை விட்டுவிட்டு அம்மா இருந்த டாட்டூயீன் கிரகத்துக்கு ஓடிய மகனின் மடியில்.

மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது கனவு. இம்முறை சாவது பேட்மே. அதற்குள் அவர்கள் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டவர்கள். பற்று கூடாது, உடைமை கூடாது என்ற விதியை அவன் மீறி வெகுநாள் ஆகிவிட்டது. ஓபி-வான் உதவுவாரா என்று பேட்மே கேட்கிறாள். அவர் உதவி நமக்கு வேண்டாம் என்கிறான். நண்பனாக, அண்ணனாக மாறிவிட்ட மனிதர் பக்கத்திலேயே இருந்தும் சொல்ல முடியவில்லை. சொன்னால் கல்யாணத்தையும் சொல்ல வேண்டும். கல்யாணத்தைச் சொன்னால் பதவி போகும். கடைசியில் யோடாவிடம் போய், ஆள் பெயர் சொல்லாமல், எனக்கு நெருங்கிய ஒருவர் சாவதாகக் காட்சி வருகிறது என்று மொட்டையாகக் கேட்கிறான். இழக்கப் பயப்படுவதையெல்லாம் விட்டுவிடப் பழகு என்று பதில் வருகிறது. வயிற்றுவலி என்று வைத்தியரிடம் போய், எங்கே வலிக்கிறது என்பதை மறைத்தால் பொதுவான கஷாயம்தானே கிடைக்கும். யோடா கொடுத்தது அந்தக் கஷாயம்.

அவன் சொல்லாமலே எல்லாம் தெரிந்துகொண்டு, பொறுமையாகக் கேட்டது ஒரே ஆள். குடியரசின் ஆட்சித் தலைவரான சான்சலர் பால்படீன். அவர் மறைவில் எதிர்முகாமான சித் மரபின் தலைவர் என்பது ஊருக்கே தெரிந்த கதை.

சித்களின் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ஒன்றே ஒன்று: எந்தக் காலத்திலும் இரண்டே பேர், ஒரு குரு, ஒரு சீடன். டார்த் பேன் வகுத்தது. போதுமான வலிமை வந்ததும் சீடன் குருவைக் கொன்று அந்த இடத்துக்கு வருவான். பால்படீன் தன் குருவைத் தூக்கத்தில் கொன்றவர். கொடூரம்தான். ஆனால் அங்கே பாசாங்கு இல்லை என்று வாதாடும் ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவர் அனகினைப் பிடித்ததே, அக்கறையுள்ள குரு போல வேஷம் போட்டுத்தான். ஜெடாய் தர மறந்ததை அவர் போலியாகத் தந்தார்.

திரும்ப விதிக்கே வருவோம். பற்று கூடாது என்ற கட்டளையும், ஒரு குருவுக்கு ஒரு சீடன் என்ற ஏற்பாடும் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன. பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரித்துக் கொண்டுவருகிறீர்கள். பிறகு ஒரே ஒரு பெரியவரோடு பல வருடம் சேர்ந்து உண்ணவும் உறங்கவும் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவும் விடுகிறீர்கள். அதன் பிறகு ஒட்டாதே என்றால்? அனகினே ஓர் இடத்தில் ஓபி-வானை அப்பா மாதிரி என்கிறான். இதைவிடப் பற்றை வளர்க்கும் ஏற்பாடு ஒன்றைத் திட்டமிட்டாலும் செய்ய முடியாது.

கவுன்சிலுக்கு இது தெரியாமல் இல்லை. 2008இல் வந்த குளோன் வார்ஸ் அனிமேஷன் படத்தில், 14 வயது அசோகா டானோவை அனகினுக்குச் சீடியாக அனுப்பிவைப்பதே யோடாதான். அனகின் கேட்கவில்லை. போர்க்களத்தில் வந்து இறங்கிய அந்தப் பெண்ணைப் பார்த்து முதலில் எரிச்சல்தான் படுகிறான். சீடியை வளர்ப்பது அல்ல, உரிய நேரத்தில் அவளை விடுவதுதான் அவனுக்குச் சவாலாக இருக்கும், அதை அவன் கற்றாக வேண்டும் என்பது யோடாவின் கணக்கு. அதாவது, குருவுக்குப் பாடம் நடத்த ஒரு சின்னப்பெண்ணைக் கருவியாக அனுப்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கு எப்படிப் போனது என்பதற்குத் தொடரின் இரண்டாம் பருவத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. எனக்குப் பிடித்த அத்தியாயம். ஜியோனோசிஸ் கிரகத்தில் இயந்திரப் படை செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தகர்க்கிறார்கள். கட்டடம் சரிந்ததில் இரண்டு படவான்கள் உள்ளே புதைந்துவிடுகிறார்கள். ஒருத்தி அசோகா, இன்னொருத்தி பாரிஸ் ஆஃபி. மேலே அவர்களின் குருக்கள். பாரிஸின் குரு லூமினாரா உண்டுலி அமைதியாக நிற்கிறார். அவர்கள் காலம் முடிந்திருந்தால் அதை ஏற்க வேண்டியதுதான் என்ற முகம். அனகின் கல்லைப் புரட்டிக்கொண்டே இருக்கிறான். ஃபோர்ஸைக் கொண்டு இடிபாடுகளைத் தூக்கி இருவரையும் மீட்கிறார்கள். அப்புறம் அவனிடம் லூமினாரா சொல்கிறார்: நான் கைவிட்டுவிடவில்லை, ஆனால் நேரம் வந்தால் என் சீடியை விட என்னால் முடியும், உன்னால் முடியுமா?

விதிப்படி பார்த்தால் லூமினாராவுக்கு நூற்றுக்கு நூறு. கதை அத்தோடு நின்றிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். 2013இல் ஐந்தாம் பருவம் முடியும்போது ஜெடாய் கோயிலில் குண்டு வெடிக்கிறது. அதன் பின்னணியில் இருந்தது பாரிஸ். பழி விழுந்தது அசோகா மேல். விதி பிசகாத குருவின் சீடி கொலைகாரியாகிறாள், விதியை மதிக்காத குருவின் சீடி நிரபராதியாக ஓடி ஒளிகிறாள். அளவான பாசம் வைத்த குருதான் இதற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. அப்படி நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் பாரிஸ் உள்ளுக்குள் இவ்வளவு தூரம் போனதை அவளுடைய குரு கவனித்ததாக ஒரு காட்சிகூட இல்லை. அனகினோ தன் சீடி இதைச் செய்திருக்க மாட்டாள் என்ற ஒரே நம்பிக்கையில் ஊரெல்லாம் அலைந்து உண்மைக் குற்றவாளியை இழுத்துவருகிறான்.

எல்லோரும் இப்படித்தான் என்று எழுதிவிட்டால் அது அநியாயம். குருவின் கடமைகளில் கடைசியான ஒன்றை நிறைவேற்றியவர் டெப்பா பில்லாபா. ஜெடாய்களைக் கொல்லச் சொன்ன ஆணை 66 வந்து, அதுவரை கூடவே போரிட்ட குளோன் வீரர்கள் துப்பாக்கியைத் திருப்பியபோது, தான் நின்று சமாளித்துக்கொண்டே சீடனை ஓடச் சொல்லி அனுப்பினார். அந்தச் சிறுவன்தான் பிறகு கேனன் என்ற பெயரில் ஒளிந்து வாழ்ந்து, பயிற்சி பாதியில் நின்ற நிலையிலேயே எஸ்ரா என்ற பையனுக்குக் குருவாகிறான். பின்னல் அறுக்க ஆளில்லாமல் குருவானவன். எனக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்வி அவனை விடவே இல்லை. முறையாக மாஸ்டர் ஆனவர்கள் பலரைவிட நல்ல குருவாக அவன் தெரிவது அதனால்தானோ என்று தோன்றும்.

குரு சீடனிடம் உண்மை பேச வேண்டுமா என்பதும் இந்த மரபில் தெளிவாகாத இடம். 1977 படத்தில் ஓபி-வான் தன் புதுச் சீடன் லூக்கிடம், உன் அப்பாவை டார்த் வேடர் கொன்றுவிட்டான் என்கிறார். வேடரே அப்பா என்பது 1980 படத்தில் எதிரியின் வாயால் தெரியவருகிறது. 1983 படத்தில் லூக் கேட்கும்போது, ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னது நிஜம்தான் என்று சமாளிக்கிறார் பெரியவர். ஒரு படவான் இந்தப் பதிலைக் குருவிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதே பேச்சில் இன்னொன்றும் சொல்கிறார். யோடா அளவுக்கு என்னாலும் கற்றுக்கொடுக்க முடியும் என்று நினைத்தேன், முடியவில்லை என்கிறார். ஒரு ஜெடாய் குரு தன் சீடனின் வீழ்ச்சிக்குத் தானும் பொறுப்பு என்று இவ்வளவு நேராக ஒத்துக்கொள்வது படங்களில் அபூர்வம். லூக்கிடம் அதைச் சொல்ல அவர் செத்து ஆவியாக வேண்டியிருந்தது.

பின்னலுக்கும் ஒரு பிற்சேர்க்கை உண்டு. 2003இல் தொடங்கிய குட்டி அனிமேஷன் தொடரில் அனகின் நைட் ஆகும் காட்சி இருக்கிறது. இருட்டு மண்டபம், சுற்றிலும் ஒளிவாள்கள், பின்னலை அறுப்பவர் யோடா. அந்தப் பின்னல் பேட்மேயிடம் போய்ச் சேர்கிறது. பற்று கூடாது என்று கட்டியாளும் சபை தன் கையாலேயே அறுத்துக்கொடுத்தது, ரகசிய மனைவியின் வீட்டில் பத்திரமாகிறது.

அசோகாவுக்குப் பின்னல் இல்லை, மணிச்சரம். குற்றம் சாட்டப்பட்டதும் கவுன்சில் அவளை வெளியேற்றியது. சரத்தைப் பிடுங்கி எடுத்தார்கள், ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். உண்மை வெளிவந்ததும் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். நடந்ததெல்லாம் உனக்கு வந்த பெரும் சோதனை, அதில் தேறிவிட்டாய் என்று மேஸ் விண்டு விளக்கம் சொன்னார். தப்பு செய்தது சபை, அதற்குச் சோதனை என்று பெயர் வைத்து எழுதியது சீடியின் கணக்கில். அனகின் மணிச்சரத்தை நீட்டுகிறான். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவன் விரல்களைப் பிடித்துச் சரத்தின் மேல் மூடிவிட்டுத் திரும்பி நடக்கிறாள்.

வெளியே அந்தி. கோயில் படிகளுக்கு மேலே அவளைத் துரத்திக்கொண்டு வந்து நிற்கிறான் அனகின். இந்த அமைப்பை விட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம், நீ நினைப்பதைவிட எனக்கு நன்றாகவே புரியும் என்கிறான். குரு தன் சீடியிடம் அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

எனக்குத் தெரியும் என்கிறாள் அவள். படியிறங்கிப் போகிறாள்.